நூல்மட்டியும் பதினாறு குச்சிகளும்

வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெற்ற நாள் வரை நான் தினமும் டைரி எழுதியவன். மொத்தம் இருபத்தொன்பது டைரிகள். ஓர் அலமாரியில் வருட வரிசையில் அடுக்கியிருக்கிறேன். அவற்றில் உண்மைக்கு மாறான பக்கம் ஒன்றே ஒன்றுதான். போன ஐப்பசியில் மோகன் என் வீட்டுக்கு வந்து, சரியாக அந்தப் பக்கத்தைக் கேட்டார்.

மோகன் இளம் எலக்ட்ரிகல் இன்ஜினியர். எடப்பாடிக்கு மேற்கே காவிரிக் கரையில் இருக்கும் எங்கள் ஆலையின் பம்ப் ஹவுஸ் இப்போது அவர் பொறுப்பில் இருக்கிறது. நான் அங்கே எலக்ட்ரிகல் சூப்பர்வைசராக இருந்தேன்.

"சார், ஆனி மாசம் பம்ப் ஹவுஸ்ல கரண்டைப் போட்டு நிறுத்தற அந்தப் பழைய மரப்பெட்டியைக் கழட்டிட்டு எலக்ட்ரானிக் டைமர் போட்டோம்" என்றார்.

"நல்ல வேலை செஞ்சீங்க. பெட்டியில கரையான் வேற."

"குழாய்க்குள்ள மட்டிச் சிப்பி மறுபடியும் ஒட்டுது சார். கடுகு மாதிரி சின்னதா இருக்கு. ஆனா ஒட்டுது."

"டைமர்ல என்ன வரிசை போட்டீங்க?"

"ஃபைல்ல உங்க கையெழுத்துல இருந்ததுதான். ரெண்டு அடிக்கணும், ஆறு விடணும், எட்டுத் தடவை."

"பெட்டிக்குள்ள இருந்த மரச் சங்கிலி எங்கே?"

மோகன் தலையைச் சொறிந்தார். "கரையான் அரிச்சது போக மிச்சத்தை அடுப்புல போட்டு வாட்ச்மேன் டீ வெச்சுட்டாரு சார். உங்க டைரியில வேற ஏதாவது குறிப்பு இருக்குமான்னு பார்க்க வந்தேன். இல்லேன்னா மாசி மாசம் குழாய்க்குள்ள ஆள் விடறதைத் தவிர வேற வழியில்ல."

டைரியை எடுத்துப் பிரித்தேன். அதிலும் ரெண்டு, ஆறு, எட்டுத் தடவை என்றுதான் இருந்தது. கீழே 'சரிபார்த்தேன்' என்று என் கையெழுத்து. காப்பி கொண்டுவந்த என் மனைவி சரோஜா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்றாள்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்தக் கதையை அன்று மோகனிடம் சொன்ன வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் தம்மம்பட்டி. சேலத்தில் ஒயர்மேன் படிப்பு, ஒரு லாரி பாடி கட்டும் பட்டறையில் இரண்டு வருடம், பிறகு இந்த ஆலை. மேற்குச் சேலத்துக்கு வந்த புதிதில் நான் 'ங்க' போடாமல் பேசினால், இவர் ஏதோ கோபத்தில் இருக்கிறார் என்று ஆட்கள் ஒதுங்கிப் போவார்கள். அது பழக நான்கு மாதம் ஆயிற்று. வேலை பழக அதைவிடக் குறைவாகத்தான் ஆயிற்று.

ஆலைக்குத் தண்ணீர் காவிரியிலிருந்து ஒரே ஒரு இரும்புக் குழாய் வழியாக வரும். குழாயின் வாய் ஆற்றுக்குள், மறுமுனை பம்ப் ஹவுஸ் கிணற்றில். நீளம் நூற்று நாற்பது அடி, உள் விட்டம் இருபத்தேழு அங்குலம். எழுபதுகளின் நடுவில் அந்தக் குழாய்க்குள் ஒரு புது மட்டி வந்து குடியேறியது. காவிரியில் எப்போதும் இருக்கிற மட்டி மணலில் புதைந்து கிடக்கும், யாருக்கும் தொல்லை இல்லை. இது அப்படியல்ல. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். வயிற்றிலிருந்து நூல் நூலாக விட்டு இரும்பைப் பிடித்துக்கொள்ளும். ஒன்றின் முதுகில் ஒன்றாக நான்கு விரல் கனத்துக்கு ஏறிவிடும். எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆட்கள் அதற்கு நூல்மட்டி என்று பெயர் வைத்தார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டுப் பார்த்தோம். மட்டி வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்தது. கீழே படித்துறையில் குளித்தவர்களுக்குத்தான் கண் எரிந்தது.

ஆகவே வருடத்துக்கு ஒரு முறை, மேட்டூர் அணையைச் சாத்தி ஆற்றில் தண்ணீர் இறங்கியதும், மாசி மாதத்தில் ஆலையை நிறுத்தி, குழாய்க்குள் ஆட்கள் தவழ்ந்துபோய்ச் சுரண்ட வேண்டும். செங்கோடன் என்பவர் தலைமையில் நான்கு பேர் அதைச் செய்தார்கள். செங்கோடன் ஒல்லியானவர். தோள் மட்டும் அகலம். வாய் ஓயவே ஓயாது.

எங்கள் பிளாண்ட் இன்ஜினியர் கோவிந்தராஜன் சார். அவருடைய சட்டைப் பையில் ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேல் ஒன்று எப்போதும் இருக்கும். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. எந்தத் தகவலைச் சொன்னாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்.

"பார்த்தீங்களா, கேட்டீங்களா?"

பார்த்தேன் என்றால் மேலே சொல்லலாம். கேட்டேன் என்றால் போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். ஒருமுறை நான், "நெனச்சேன் சார்" என்று சொல்லிவிட்டேன். "நெனச்சதையெல்லாம் வீட்டுலயே வெச்சுட்டு வாங்க" என்றார்.

குழாய் வேலைக்கு அவர் இரண்டு விதிகள் வைத்திருந்தார். முதலாவது, தண்ணீரிலோ குழாயிலோ இறங்குகிறவர் பம்பின் ஃபியூஸ் கட்டையைத் தன் கையாலேயே பிடுங்கித் தன் மடியில் கட்டிக்கொண்டுதான் இறங்கவேண்டும். மேலே இருக்கிறவன் மறந்துபோய்ச் சுவிட்சைப் போட்டாலும் ஒன்றும் ஓடாது. இரண்டாவது, குழாய் சுத்தம் என்று கையெழுத்துப் போடுகிறவர் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வெளியே வந்திருக்க வேண்டும். எட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடக்கூடாது.

கையெழுத்துப் போடுகிறவன் நான். எனக்கு வருடா வருடம் வயிறு போட்டுக்கொண்டே வந்தது. மாசி மாதம் நான் சட்டையைக் கழற்றி அரை டிராயரோடு குழாய் வாயில் நிற்கும்போது நான்கு பேரும் கரையில் வரிசையாக உட்கார்ந்துவிடுவார்கள்.

"ஏனுங்க சூப்பர்வைசரு, கொழாய்ல சொரண்டிட்டமுங்க. உங்க வயித்துல ஒட்டுன மட்டியத்தான் ஆரு சொரண்டறது?" என்பார் செங்கோடன்.

ஆனால் அப்படித் தவழ்ந்து போனதால்தான் ஒன்றைப் பார்த்தேன். குழாய் கிணற்றில் சேரும் இடத்தில், தண்ணீர் மட்டம் இறங்கினால் மணியடிக்க வைப்பதற்காக இரண்டு பித்தளைக் கம்பிகள் தொங்கும். அவற்றில் இருபத்துநான்கு வோல்ட் இருக்கும். கிணற்றுச் சுவர் முழுக்க நூல்மட்டி. அந்தக் கம்பிகளைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு மட்டும் ஒன்றுகூட இல்லை. துடைத்து வைத்தது போல இருந்தது.

வெளியே வந்து ஈரத்தோடு போய்ச் சொன்னேன்.

"பார்த்தீங்களா, கேட்டீங்களா?"

"பார்த்தேன் சார். அளந்தேன். இருபத்திரண்டு அங்குலம்."

கோவிந்தராஜன் சார் ஸ்கேலை எடுத்துக்கொண்டு தானே கிணற்றில் இறங்கினார். மேலே வந்ததும், "கம்பிக்குப் பதிலா தகடு வெச்சா?" என்றார். அவ்வளவுதான், வேலை தொடங்கிவிட்டது.

குழாய் வாய்க்கு முன்னால் இரும்புத் தகடுகளை ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக நிறுத்தினோம். ஆற்றுத் தண்ணீர் அவற்றின் நடுவே புகுந்துதான் குழாய்க்குள் போகவேண்டும். டிரான்ஸ்பார்மர் வைத்து மின்சாரத்தைக் குறைத்து, ஒன்றுவிட்டு ஒன்றாகத் தகடுகளுக்குக் கொடுத்தோம். மட்டியின் குஞ்சுகள் கண்ணுக்குத் தெரியாத அளவில் தண்ணீரோடு மிதந்து வரும். தகடுகளுக்கு நடுவே வரும்போது அதிர்ச்சி வாங்கினால் நூல் விட்டு ஒட்டாமல் தண்ணீரோடு போய்விடும் என்பது கணக்கு. தகடுகளைச் சுற்றி, எட்டடி தள்ளிக் கம்பி வலை கட்டினோம். ஆடிப் பதினெட்டுக்கு அந்தப் பக்கம் கூட்டம் குளிக்க வருமே, அவர்களுக்கு ஒன்றும் ஆகாதா என்று நான் கேட்டேன். சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆற்றில் இறங்கி, வலைக்கு வெளியே இடுப்பளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு, "போடுங்க" என்றார்.

சுவிட்சைப் போட்டேன்.

கரையில் இருந்த செங்கோடன் கத்தினார். "ஏனுங்க சார், ஏதாச்சும் ஆச்சுங்களா?"

"மீன் கடிக்குது" என்றார் சார். பத்து நிமிடம் நின்றுவிட்டுத்தான் ஏறினார். ஆனாலும் ஆடிப் பதினெட்டு அன்று மின்சாரம் நிறுத்தப்படும் என்று அவரே விதி எழுதினார். அன்றைக்கு ஃபியூஸ் கட்டை அவர் பையில் இருக்கும்.

அந்த வருடம் முழுக்க மின்சாரத்தை இடைவிடாமல் ஓட்டினோம். அடுத்த மாசியில் அணையைச் சாத்தியதும் நம்பிக்கையோடு குழாயைத் திறந்தால், முந்தைய வருடத்தைவிட மோசம். ஒரு மட்டி முதுகில் ஐந்து மட்டி. இரும்பே தெரியவில்லை.

செங்கோடன்தான் முதலில் உள்ளே போனார். ஒரு கை முன்னால் சுரண்டியோடு, ஒரு கை பின்னால் உடம்போடு. சுரண்டச் சுரண்ட ஓடுகள் அவருக்குப் பின்னால் குவியும், அதை மற்றவர்கள் கயிறு கட்டிய தகரத்தில் இழுப்பார்கள். காலை பதினொன்றரைக்குச் சுரண்டும் சத்தம் நின்றது. நேரத்தை எழுதி வைத்திருக்கிறேன்.

குழாய்க்குள்ளிருந்து குரல் வந்தது. "நவுர முடியலீங்."

எழுபதாவது அடி. முன்னாலும் ஓடு, பின்னாலும் ஓடு. பின்பக்கமாக இழுக்கலாம் என்று ஒருவன் கயிற்றில் கை வைத்தான். கோவிந்தராஜன் சார் அவன் கையைப் பிடித்தார். பிறகு வெள்ளைச் சட்டையோடு சேற்றில் குப்புறப் படுத்து, தலையைக் குழாய்க்குள் விட்டு, மேசைக்கு எதிரே உட்கார்ந்திருப்பவரிடம் பேசுவதுபோல் பேசினார்.

"செங்கோடா, எங்கே தொடுது?"

"எடது தோளுங்க. அப்பறம் நெஞ்சுங்க."

"முதுகு?"

"முதுகு தொடலீங். ரெண்டு வெரக்கடை எடமிருக்குது."

"மூச்சை மெதுவா விடு. விட்டதும் என்ன தொடுதுன்னு சொல்லு."

மூச்சு வெளியேறும் சத்தம் குழாய் வழியே வந்தது. "தோளு மட்டுந்தானுங்க."

"அப்ப உன்னைப் பிடிச்சிருக்கிறது ஒரே ஒரு இடம். அதை உடைச்சா வந்துடுவே. அசையாதே. அசைஞ்சா ஓடு கிழிக்கும்."

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஏற்கெனவே சட்டையைக் கழற்றியிருந்தேன்.

கிணற்றுப் பக்கத்திலிருந்து நுழைந்தேன். ஃபியூஸ் கட்டை செங்கோடன் மடியில் இருந்தது, ஆகவே பம்பைப் பற்றிய பயமில்லை. வயிறுதான் பயம். கையில் சிற்றுளி, நெற்றியில் பேட்டரி விளக்கு. எனக்கு முன்னால் இருந்த மட்டியை நானே உடைத்துக்கொண்டு போகவேண்டும். முழங்கை இரண்டும் கிழிந்தன. எழுபது அடிக்கு ஐம்பத்தைந்து நிமிடம் ஆயிற்று. கடைசியில் விளக்கு வெளிச்சத்தில் ஒரு முகம் தெரிந்தது. மீசையெல்லாம் சேறு.

"வாங்க சாமி" என்றார் செங்கோடன். "ஊட்டுக்கு வந்தவிங்கள உக்காரச் சொல்லோணும். எடமில்லீங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வயிறு இடித்தது. அவருடைய இடது தோளுக்குப் பக்கத்தில் உளியை வைத்து ஒவ்வொரு ஓடாகப் பெயர்த்தேன். தோளிலிருந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவர் பேச்சை நிறுத்தவில்லை. ஆனால் நடுவில் ஒருமுறை குரல் மாறியது.

"நெம்ப நேரம் ஆச்சுங்களா?"

"ஒன்றரை மணி நேரம் ஆகல."

"எனக்கு ஒரு நாளாட்டம் இருக்குதுங்க. அடுத்த வருசம் என்னைய இதுக்குள்ளார உடாதீங்க சாமி."

"உன்னை மட்டுமில்ல. யாரையும் விடமாட்டேன்."

"மெய்யாலுமா?"

"மெய்யாத்தான்."

"உங்க டைரில எழுதிக்கோங்க. நீங்க எழுதுனாத்தான் நடக்கும்னு எல்லாரும் சொல்றாங்க."

தோள் விடுபட்டதும் நான் பின்னால் நகர, அவர் என் முகத்துக்கு எதிரே தவழ்ந்து வர, இரண்டு பேரும் கிணற்றில் வந்து விழுந்தோம். எழுந்து நின்றதும் அவர் செய்த முதல் காரியம், மடியை அவிழ்த்து ஃபியூஸ் கட்டையைச் சாரிடம் கொடுத்தது. சார் அதை வாங்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பிக் கண்ணாடியைத் துடைத்தார். அன்று டைரியில் எழுதினேன்: 'அடுத்த வருடம் முதல் சுரண்ட ஆள் உள்ளே போகக்கூடாது. செங்கோடனுக்குச் சொல்லியிருக்கிறேன்.'

எழுதிவிட்டேனே தவிர வழி தெரியவில்லை. கிணற்றில் இருந்த அந்தப் பித்தளைக் கம்பிகளைச் சுற்றி மட்டும் இந்த வருடமும் மட்டி இல்லை. அதே மின்சாரம்தானே? கிணற்று மேடையில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது நாள் புரிந்தது. கம்பிகளில் ஒன்று குட்டை. கிணற்றில் தண்ணீர் அலையடிக்கும்போது அதன் நுனியைத் தொடும், விடும், தொடும். தொடும்போதெல்லாம் மணியோடு இணைந்த ரிலே சுவிட்ச் 'டிக்' என்னும். அதாவது அங்கே மின்சாரம் விட்டு விட்டுப் பாய்ந்துகொண்டிருந்தது.

சாரிடம் சொன்னேன். பார்த்ததாகவே சொன்னேன். அவர் சொன்னார்: "தொடர்ந்து கொடுத்தா மட்டி மூடிக்கிட்டுப் பொறுத்துக்குது. விட்டு விட்டுக் கொடுத்தா ஏமாந்து திறக்குது, அப்ப அடி வாங்குது. நாமளும் விட்டு விட்டுக் கொடுப்போம்."

அலை எந்த ஒழுங்கிலும் அடிக்கவில்லை. 'டிக்' சத்தங்களை எண்ணி நானே டைரியில் எழுதியிருந்தேன், ஒன்று போல் ஒன்று இல்லை. ஆனால் எனக்கு எதையும் ஒழுங்காகச் செய்தால்தான் திருப்தி. இரண்டு அடி, ஆறு இடைவெளி, இதையே திரும்பத் திரும்ப என்று நான் ஒரு வரிசை போட்டேன். சாரும் சரி என்றார்.

இரவு பகலாக மின்சாரத்தை இப்படிப் போட்டு நிறுத்துவதற்கு அப்போது எங்களிடம் கருவி இல்லை. ஜலகண்டாபுரம் வழியாகப் பஸ்ஸில் போகும்போது விசைத்தறிச் சத்தம் கேட்டு யோசனை வந்தது. சேலைக் கரையில் பூ விழுவதற்குத் தறியின் தலையில் டாபி என்று ஒரு பெட்டி இருக்கும். அதில் மரக்கட்டைகளைக் கோத்த ஒரு சங்கிலி சுற்றும். கட்டையில் குச்சி செருகியிருந்தால் நூல் மேலே எழும்பும், சேலையில் ஒரு புள்ளி விழும். குச்சி இல்லாவிட்டால் புள்ளி இல்லை. நூலைத் தூக்குகிற குச்சி ஒரு சுவிட்சையும் தூக்குமல்லவா?

ஜலகண்டாபுரத்தில் தறிக்காரர்கள் ஒரு பெண்ணின் பெயரைச் சொன்னார்கள். பாவாயி. வீட்டில் ஆறு தறி. அந்த வட்டாரத்தில் குச்சி செருகுவதில் அவரை விஞ்ச ஆளில்லை என்றார்கள். நாற்பது வயதிருக்கும். ஒரு கட்டையை மடியில் வைத்து வாயில் நான்கு குச்சிகளைக் கடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு காகிதத்தைக் கொடுத்தேன். அறுபத்துநான்கு கட்டை, பதினாறு குச்சி, இரண்டு, ஆறு, இரண்டு, ஆறு.

குச்சிகளை வாயிலிருந்து எடுத்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஆருக்குங்க இது?"

மட்டிக்கு என்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. "ஒரு டிசைன்" என்றேன்.

"டிசைனுதான் தெரியுதுங்க. ஆருக்குன்னு கேட்டேன்."

"வேண்டியவங்களுக்கு."

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே பார்த்து, "ஏனுங், கேட்டீங்களா, இவரு ஊட்டுக்காரம்மாளுக்கு இவரே கரை போட்டுக்கிட்டு வந்திருக்காரு. நீங்களும் இருக்கறீங்களே!" என்றார். உள்ளே அவருடைய கணவர் தறிச் சத்தத்தில் எதையும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் மறுத்துச் சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் சங்கிலி தயாராயிற்று. கட்டைகளை எண்ணினேன், அறுபத்துநான்கு. குச்சிகளை எண்ணினேன், பதினாறு. காகிதத்தில் கேட்ட எண்ணிக்கை சரியாக இருந்ததால் வரிசையைப் பார்க்கவில்லை. ஒரு சிறிய மோட்டார் வைத்து, மூன்று வினாடிக்கு ஒரு கட்டை நகரும்படி பொருத்தி, பெட்டியை மூடினோம். டைரியிலும் ஃபைலிலும் 'வரிசை: 2, 6, எட்டுமுறை. சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

பத்து நாள் கழித்து, பம்பை நிறுத்தியிருந்த ஒரு மத்தியான வேளையில்தான் பெட்டியின் சத்தம் தனியாகக் காதில் விழுந்தது. ஒரு டிக். பிறகு இரண்டு. நீண்ட இடைவெளி. ஒன்று. உடனே மூன்று. பெட்டியைத் திறந்தேன். பாவாயி என் வரிசையைத் தூக்கிப் போட்டுவிட்டுத் தன் இஷ்டத்துக்குச் செருகியிருந்தார்.

நேராக ஜலகண்டாபுரம் போனேன்.

"நீங்க குடுத்தது கட்டங் கட்டமா இருந்துச்சுங்க" என்றார் பாவாயி, கொஞ்சமும் கலங்காமல். "அது துண்டுக்கு ஆவும். ஒரு பொம்பள கட்டற சீலைக்கு ஆவுமுங்களா? அதான் குச்சியக் கூட்டாம கொறைக்காம எடம் மாத்திப் பாதி வரைக்கும் ஏத்தி, பொறவு அதையே கண்ணாடியாட்டம் திருப்பி எறக்கியுட்டேன். பாத்தா உங்களுக்கே புடிக்கும்." உள்ளே போய், அதே கரை போட்ட ஒரு அரக்குச் சேலையைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "தறியில நெய்ஞ்சு பாத்துட்டுத்தானுங்க சங்கிலிய அனுப்புனேன். அம்மிணிகிட்டக் குடுங்க."

சேலையோடு திரும்பி வந்து சாரிடம் நடந்ததைச் சொன்னேன். என் வரிசைப்படி மாற்றிச் செருகட்டுமா என்று கேட்டேன்.

"மட்டி ஒட்டுதா?" என்றார்.

தகடுகளுக்குப் பின்னால் ஒரு சோதனைத் தகடு தொங்கவிட்டிருந்தோம். அதை இழுத்துப் பார்த்தோம். பத்து நாளாயிற்று, கை வைத்தால் இரும்பு வழவழவென்று இருந்தது.

"அப்ப கையை எடுங்க" என்றார். "அந்தம்மா போட்ட வரிசையை எழுதி வெச்சுடுங்க."

"சரி சார்" என்றேன். எழுதவில்லை. எழுதினால் 'சரிபார்த்தேன்' என்ற வார்த்தையை அடிக்கவேண்டும். அடித்ததைச் சார் பார்த்தால், சரிபார்க்காமலேயே அந்த வார்த்தையை எழுதியது தெரிந்துபோகும். நாளைக்கு எழுதலாம் என்று நினைத்தேன். அதன்பிறகு தினமும், 'டாபி வழக்கம்போல் ஓடுகிறது' என்றே எழுதிவந்தேன்.

டிசைன் கொடுத்து நெய்தது என்று சொல்லிச் சேலையைச் சரோஜாவிடம் கொடுத்தேன். கரையைத் தடவிப் பார்த்துவிட்டு, "நீங்களா டிசைன் போட்டீங்க? எனக்காகவா?" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது வேறெதுவும் சொல்லத் தோன்றவில்லை. ஆமாம் என்றேன்.

அடுத்த மாசியில் குழாயைத் திறந்தபோது செங்கோடன் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து கரையில் உட்கார்ந்தார், உள்ளே போகப்போவதில்லை என்று எல்லாருக்கும் தெரியவேண்டும் என்பதற்காக. உள்ளே சுரண்ட ஒன்றுமில்லை. நான் ஒரு முனையில் நுழைந்து மறுமுனையில் வந்தேன். ஒன்பது நிமிடம். கோவிந்தராஜன் சார் எனக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். அவர் யாருக்கும் கை கொடுத்து நான் பார்த்ததில்லை. "சுத்தம் பண்ற வேலை போச்சுங்களே, எனக்கு என்னுங் பண்றதுங்க?" என்று செங்கோடன் கேட்டதற்கு, தகடுகளையும் வலையையும் தினமும் பார்த்து இலை தழை அள்ளும் வேலையை அவருக்கே நிரந்தரமாகப் போட்டுக்கொடுத்தார். ஏன் இந்த வரிசைக்கு மட்டி ஒட்டவில்லை என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அடி எப்போது விழும் என்று தெரிந்தால் இடைவெளியில் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்கிறது, தெரியாவிட்டால் முடியவில்லை என்பது சாரின் ஊகம். ஊகம் என்பதால் அதை அவர் எங்கேயும் எழுதவில்லை.

இவ்வளவையும் போன ஐப்பசியில் மோகனிடம் சொல்லி முடித்தேன். சரோஜா காப்பி டம்ளரை எடுக்காமல் நிலைப்படியிலேயே நின்று முழுவதையும் கேட்டுவிட்டாள்.

மோகன் மெதுவாகக் கேட்டார். "சார், அந்தச் சேலை?"

நான் சரோஜாவைப் பார்த்தேன். சரோஜா அடுத்த அறையைக் கை காட்டினாள்.

என் மகள் கலா பிரசவத்துக்கு வந்து மூன்று மாதமாகியிருந்தது. பத்து வருடம் கட்டித் துவைத்து மெத்தென்று ஆன அந்த அரக்குச் சேலை உத்தரத்தில் தூளியாகத் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே என் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இப்பத்தான் தூங்கினா" என்றாள் கலா. "யாராச்சும் தொட்டீங்க, நான் பொல்லாதவளாயிடுவேன்."

தொடாமல் எண்ணினோம். தூளியின் இந்தப் பக்கம் நான் லென்ஸோடு, அந்தப் பக்கம் மோகன் நோட்டோடு. கரை அசைந்துகொண்டே இருந்தது. "ஒரு புள்ளி... மூணு காலி... ரெண்டு புள்ளி... ஆறு காலி" என்று நான் கிசுகிசுப்பாகச் சொல்லச் சொல்ல அவர் எழுதினார். இருபத்தைந்தாவது கட்டையில் பேத்தி காலை உதைத்தாள், கணக்கு விட்டுப்போயிற்று. கலா மோகனைப் பார்த்து, "ஆட்டுங்க சார், சும்மா நிக்கறீங்க" என்றாள். இன்ஜினியர் தூளி ஆட்டினார். மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். மூன்றாவது முறை அறுபத்துநான்கும் முடிந்தது. புள்ளிகளைக் கூட்டினேன், பதினாறு. இந்த முறை வரிசையையும் இரண்டு தடவை பார்த்தேன். நடுவில் பத்து காலி, அங்கிருந்து இரண்டு பக்கமும் கண்ணாடி.

மோகன் போனதும் சரோஜா வந்து எதிரே உட்கார்ந்தாள். "அப்ப இது எனக்குப் போட்ட டிசைன் இல்ல."

"இல்ல."

"மட்டிக்குப் போட்டது."

"ஆமா."

தூளியின் பக்கம் திரும்பிக் கரையைப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். "நீங்க போட்டதுன்னா கட்டங் கட்டமால்ல இருந்திருக்கும்! எனக்கு அப்பவே சந்தேகம். அந்தம்மாவை ஒருநாள் போய்ப் பார்க்கணும்" என்றாள். அடுத்த வாரமே போனாள். இப்போது இருவரும் சேர்ந்துகொண்டு என்னைப் பற்றிப் பேசுகிறார்கள்.

டைமரில் வரிசையை மாற்றிய பிறகு, ஒட்டியிருந்த கடுகு மட்டிகள் உதிர்ந்து, கிணற்றில் புதிதாகக் கட்டிய வலையில் சேர்வதாக மோகன் கடிதம் எழுதினார். மாசியில் அணையைச் சாத்தினார்கள். குழாயைத் திறக்கும் நாளில் வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார். உள்ளே போகவேண்டியவர் மோகன்தான். அவர் சட்டையைக் கழற்றும்போது நான் தடுத்தேன். திருத்தவேண்டிய கையெழுத்து என்னுடையது. பம்பின் ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டேன்.

"வேண்டாங்க சாமி" என்றார் செங்கோடன். தலை நரைத்திருந்தது, வாய் மாறவில்லை. "கொழாய் சுத்தமாத்தான் இருக்குது. நீங்க போயி அடைச்சுப்போட்டீங்கன்னா ஆலைக்குத் தண்ணி வராதுங்க."

நுழைந்தேன். கை வைத்த இடமெல்லாம் வெறும் இரும்பு, குளிர்ச்சியாக, வழவழப்பாக. எழுபதாவது அடியில் கொஞ்சம் நின்றேன். வயிறு எங்கேயும் இடிக்கவில்லை, அல்லது இடித்ததை நான் கவனிக்கவில்லை. பதினான்கு நிமிடம். கிணற்றுப் பக்கம் தலையை நீட்டியபோது செங்கோடன் அங்கே வந்து கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

"என்னுங்க, உள்ளார ஆராச்சும் இருக்கறாங்களா?"

"யாருமில்ல" என்றேன்.

வீட்டுக்கு வந்து அந்தப் பழைய டைரியை எடுத்தேன். 2, 6 என்ற வரிசையைக் கோடு போட்டு அடித்தேன். அதன் பக்கத்தில் அறுபத்துநான்கு கட்டைகளின் சரியான வரிசையையும், 'வரிசை போட்டவர்: பாவாயி, ஜலகண்டாபுரம்' என்பதையும், திருத்திய நாளையும் எழுதினேன். பிறகு 'சரிபார்த்தேன்' என்ற வார்த்தையை அடித்துவிட்டு, கீழே ஒரே வார்த்தை எழுதிக் கையெழுத்திட்டேன்: பார்த்தேன்.